அத்தியாயம் 9: சீருடையில் கழித்த ஆண்டுகளை மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுவது எப்படி?

ஜானி கிம் 2002-இல் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். தென்கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். 'சீல்' அதிரடிப் படையில் போர்முனை மருத்துவ உதவியாளராகவும் குறிபார்த்துச் சுடுபவராகவும் நூற்றுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகளில் பங்கெடுத்தார். சில்வர் ஸ்டார் பதக்கம் பெற்றார். ஈராக்கில் காயம்பட்ட தோழர்களுக்குத் தன்னால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான் என்ற தவிப்பே தன்னை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். படையில் இருந்தபடியே சான்டியாகோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 2012-இல் பட்டம் வாங்கினார். 2016-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. முடித்தார். அடுத்த ஆண்டே நாசா அவரை விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்தது. 2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை சர்வதேச விண்வெளி நிலையத்தில் பணியாற்றித் திரும்பினார்.

இப்படியொரு வரலாறு உள்ளவர்கள் வெகு சிலர். படையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்தவர்கள், வண்டி பழுது பார்த்தவர்கள், முகாம் மருத்துவமனையில் இரத்த அழுத்தம் குறித்து வைத்தவர்கள். அந்த வேலைகளிலும் சேர்க்கைக் குழு தேடுகிற பொறுப்பும் நிதானமும் உண்டு. ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர் படையில் இருந்திருக்க வேண்டும் என்று இல்லை. சேவையை அவருக்குப் புரியும்படியும், ஆவணம் காட்டி உறுதி செய்யும்படியும், சரியான கட்டத்திலும் எழுதித் தருவது விண்ணப்பதாரரின் வேலை. அமெரிக்காவில் விண்ணப்பிப்போருக்கு அந்த வேலையைப் படிப்படியாக விளக்குகிறது இந்த அத்தியாயம்.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. 2008 இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 'மாவ்னி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவத் திறனோ, படைக்குத் தேவையான மொழிகளில் ஒன்றோ தெரிந்த வெளிநாட்டவர், மாணவர் விசாவில் இருந்தாலும் படையில் சேரவும், விரைவாகக் குடியுரிமை பெறவும் அது வழி செய்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிய சேர்க்கை நின்றுபோனது. அந்த வழியில் போனவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்து படையில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எனப் பலருக்கும் இந்தக் கேள்விகள் எழுகின்றன.

எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?

அமெரிக்காவில் எம்.டி. தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவை 'ஆம்காஸ்' என்ற பொது விண்ணப்பத்தின் வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. அதை நடத்துவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம். டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்கு 'டிஎம்டிசாஸ்' என்றும், டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கு 'ஆகோமாஸ்' என்றும் தனி விண்ணப்பங்கள் உண்டு. ஆம்காஸை அறிந்துகொண்டால் மற்றவை எளிது.

ஆம்காஸில் படைச் சேவை ஒரே இடத்தில் முடிந்துவிடுவதில்லை. சுயவிவரப் பகுதியில் படையில் இருந்தீர்களா, இப்போது என்ன நிலை என்று கேட்பார்கள். இங்கே வர்ணனைக்கு இடமில்லை. உண்மையான நிலையை மட்டும் குறிக்க வேண்டும். படித்த கல்லூரிகளின் பகுதியில், படையில் இருந்தபோது பெற்ற கல்லூரிப் படிப்பு வரும். 'வேலைகளும் செயல்பாடுகளும்' பகுதியில் 'படைச் சேவை' என்றே ஒரு வகை இருக்கிறது. சேவையின் விவரம் முழுவதும் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். 5,300 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டிய தன்விளக்கக் கட்டுரை அடுத்தது. கடைசியாகப் பரிந்துரைக் கடிதங்கள்.

ஒவ்வொரு இடமும் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. அதே பத்தியை எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டால் நான்கு ஆண்டுச் சேவைகூட மெலிந்து தெரியும்.

முதலில் காகிதங்கள்

முழுநேரப் பணியிலிருந்து விலகியவருக்கு 'டிடி-214' என்ற படிவம் கிடைக்கும். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, பயிற்சிகள், பதக்கங்கள் அனைத்தும் அதில் இருக்கும். இதில் சுருக்கப் பிரதி, விரிவான பிரதி என இரண்டு வகை உண்டு. விடுவிப்பின் வகையும் காரணமும் விரிவான பிரதியில்தான் இருக்கும். கேட்டு வாங்கும்போது 'மெம்பர்-4' என்ற அந்தப் பிரதியையே வாங்க வேண்டும். நேஷனல் கார்டில் இருந்தவர்களுக்கு இதற்கு இணையானது 'என்ஜிபி-22'. தொலைத்தவர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு இணையம் வழியாகவே எழுதிப் பெறலாம். மே மாதத் தொடக்கத்தில் ஆம்காஸ் திறக்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பே கேட்டுவிட்டால் பதற்றம் இல்லை.

படிப்புச் சான்றில் பலருக்குக் குழப்பம் வருகிறது. தரைப்படை, கடற்படை, மரைன், கடலோரக் காவல்படை ஆகியவற்றில் இருந்தவர்களின் பயிற்சிகள் 'ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்' என்ற தாளில் வரும். அந்தப் பயிற்சிகளுக்கு எத்தனை கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் செய்த பரிந்துரையே அதில் இருக்கும். கல்லூரி மதிப்பெண் அதில் இருக்காது. பின்னர் சேர்ந்த கல்லூரி அதை ஏற்றுக் கிரெடிட் கொடுத்திருந்தால், அந்தக் கல்லூரியின் சான்றிதழில் அது தெரியும். விமானப்படையில் நிலைமை வேறு. 'கம்யூனிட்டி காலேஜ் ஆஃப் தி ஏர் ஃபோர்ஸ்' அங்கீகாரம் பெற்ற கல்லூரி; இரண்டாண்டுப் பட்டமும் தருகிறது. அதைப் படித்த கல்லூரிகளின் பட்டியலில் சேர்க்க மறந்து, சான்றிதழ் வராமல் விண்ணப்பம் தேங்கி நிற்கக்கூடாது. ஆம்காஸ் ஆண்டுதோறும் வெளியிடும் விண்ணப்பதாரர் கையேட்டில் படைக் கல்வி பற்றிய பகுதியை அந்தந்த ஆண்டின் பதிப்பில் பார்த்துக்கொள்வது நல்லது.

700 எழுத்துகளில் ஒரு சேவை

வேலைகள் பகுதியில் மொத்தம் 15 பதிவுகள் வரை போடலாம். ஒவ்வொன்றின் விளக்கமும், இடைவெளியைச் சேர்த்து, 700 ஆங்கில எழுத்துகளுக்குள் முடிய வேண்டும். அவற்றில் மூன்றை 'மிக அர்த்தமுள்ளவை' என்று தேர்ந்தால், அந்த மூன்றுக்கும் கூடுதலாக 1,325 எழுத்துகள் கிடைக்கும். படைச் சேவை பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

1965-இல் நடந்த ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் ஒரு புதிய படிப்பைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள். கப்பலிலும் களத்திலும் கட்டுப்போட்டு, தையல் போட்டு, மருந்து கொடுத்துப் பழகியவர்களுக்கு ஊர் மருத்துவமனையில் பெயர் சொல்லக்கூடிய வேலையே இல்லாதிருந்தது. 'ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்' என்ற தொழில் அங்கிருந்துதான் பிறந்தது. திறமை இருந்தும் ஊர் வழக்கில் அதற்கு இடம் இல்லாத நிலை இன்றைய விண்ணப்பதாரருக்கும் உண்டு. அவருக்குக் கையில் இருப்பது இந்த 700 எழுத்துகள்.

கற்பனையாக ஒரு விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். தரைப்படையில் '68-டபிள்யூ', அதாவது போர்முனை மருத்துவ உதவியாளர். நான்கு ஆண்டுச் சேவை, ஒன்பது மாதம் வெளிநாட்டுப் பணி. முதல் வரைவில் அவர் இப்படி எழுதுகிறார்:

"பிளட்டூன் 68-டபிள்யூ. பிஏஎஸ்-இல் என்சிஓஐசி. டிசிசிசி, சிஎல்எஸ் பயிற்றுநர். ஈ-5 ஆகப் பதவி உயர்வு. ஏஆர்காம் பெற்றேன். தலைமைப் பண்பும் குழு உணர்வும் கற்றேன்."

படையில் இருந்தவருக்கு இது முழுப் படம். மற்றவருக்கு இது எழுத்துகளின் கூட்டம். கடைசி வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அதையே மாற்றி எழுதினால்:

"சான் அன்டோனியோவில் 16 வாரப் பயிற்சிக்குப் பின் தேசிய அளவிலான இஎம்டி சான்று பெற்றேன். 35 காலாட்படை வீரர்களுக்கு அன்றாட முதல்நிலை மருத்துவம் என் பொறுப்பு. கொப்புளம், காய்ச்சல், வெப்பத் தாக்கு, மூட்டு வலி. யாரை நானே கவனிப்பது, யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்று தினமும் முடிவெடுத்தேன். மூன்றாம் ஆண்டில் ஆறு உதவியாளர்கள் உள்ள முகாம் சிகிச்சை நிலையத்தை நடத்தினேன். இரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே கட்டைப் போடுவது எப்படி என்று மருத்துவப் பயிற்சி இல்லாத வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்."

இப்போது படிப்பவருக்கு ஒரு மனிதர் தெரிகிறார். எத்தனை பேர், என்ன நோய், யார் முடிவெடுத்தார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற நான்கும் வந்துவிட்டன. 'தலைமைப் பண்பு' என்ற சொல் இல்லாமலே அது புலப்படுகிறது. சண்டைக் காட்சி எதுவும் தேவைப்படவில்லை.

மருத்துவத்தோடு சம்பந்தமில்லாத பணியில் இருந்தவரும் இதே வழியைப் பின்பற்றலாம். ஹெலிகாப்டர் பழுது பார்த்தவர், சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர். அதை ஒரு நிகழ்ச்சியோடு சொன்னால் போதும். ஆனால் அவருக்கு நோயாளிகளோடு பழகிய அனுபவம் தனியே வேண்டும். படைச் சேவை அந்தக் குறையை ஈடுகட்டும் என்று நம்பி இருந்துவிடக்கூடாது.

மணிக்கணக்கு

ஒவ்வொரு பதிவுக்கும் மொத்த மணி நேரம் கேட்கப்படும். வெளிநாட்டுப் பணியில் இருபத்துநான்கு மணி நேரமும் கடமைதானே என்று 365-ஐ 24-ஆல் பெருக்கிப் போடுவோர் உண்டு. தூங்கிய நேரமும் சேர்ந்த அந்த எண்ணைப் பார்த்தால் படிப்பவருக்கு மற்ற எண்களிலும் நம்பிக்கை குறையும். முழுநேரப் பணிக்கு வாரம் 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டால் ஆண்டுக்கு 2,000. நான்கு ஆண்டுக்கு 8,000. இதுவே பெரிய எண். ரிசர்வ் படையில் மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்ற வழக்கப்படி நாளுக்கு எட்டு மணி வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 300 மணி வரும்.

மருத்துவ வேலை அதிகம் செய்தவர்கள் அதைச் 'சம்பளத்துடன் மருத்துவப் பணி' என்ற வகையில் தனிப் பதிவாகவும், பயிற்சி, உடற்பயிற்சி, காவல் போன்ற மற்றவற்றைப் 'படைச் சேவை' என்ற வகையிலும் பிரித்துப் போடலாம். பிரித்தால் மணிகளையும் பிரிக்க வேண்டும். ஒரே மணி இரண்டு இடத்தில் வரக்கூடாது. விட்டு விட்டுச் சேவை செய்தவர்கள் ஒரே பதிவில் நான்கு காலப்பகுதிகள் வரை குறிக்க முடியும்.

ஒவ்வொரு பதிவுக்கும் தொடர்பு கொள்ள ஒருவர் பெயர் வேண்டும். படையில் அதிகாரிகள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். விலகும் முன்பே அவர்களுடைய தனிப்பட்ட மின்னஞ்சலை வாங்கி வைப்பது பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

பதக்கமும் உண்மையும்

பதக்கங்களை ஒரே பதிவில் தொகுத்து, எதற்காகக் கிடைத்தது என்று ஒரு வரி எழுதலாம். சேவையில் இருந்த எல்லோருக்கும் தரப்படும் நாடாக்களை அடுக்க வேண்டியதில்லை. 'எக்ஸ்பர்ட் ஃபீல்டு மெடிக்கல் பேட்ஜ்' போன்றவை கடினமான தேர்வில் தேறியவர்களுக்கே கிடைப்பவை. அவற்றை விளக்கிச் சொல்ல வேண்டும்.

டிடி-214-இல் இல்லாத எதையும் எழுதக்கூடாது. வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்வதைக் குற்றமாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் பேச்சுரிமையின் பேரில் ரத்து செய்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் அதைத் திருத்தி, பணமோ வேறு ஆதாயமோ பெறும் நோக்கத்தோடு அப்படிச் சொல்வதைக் குற்றமாக்கியது. சட்டம் இருக்கட்டும், விண்ணப்பத்தில் முரண்பாடு தெரிந்தால் ஆம்காஸே விசாரித்து அதைக் கல்லூரிகளுக்குத் தெரிவிக்க முடியும். மருத்துவராக விரும்புபவரின் சொல்லில் சந்தேகம் விழுந்தபின் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

விடுவிப்பின் வகை

பலருக்கு உறக்கம் கெடுவது இந்த இடத்தில். 'ஹானரபிள்' என்ற நன்மதிப்பு விடுவிப்பு பெற்றவர்களுக்குச் சிக்கல் இல்லை. அடுத்த படி 'ஜெனரல்'. நடத்தையில் சில குறைகள் இருந்தாலும் மொத்தத்தில் ஏற்கத்தக்க சேவை. அதற்கும் கீழே 'அதர் தேன் ஹானரபிள்'. இந்த மூன்றும் நிர்வாக முடிவுகள். 'பேட் காண்டக்ட்', 'டிஸ்ஹானரபிள்' இரண்டும் ராணுவ நீதிமன்றத் தண்டனையாக மட்டுமே வருபவை. பயிற்சியின் தொடக்கத்திலேயே விலகியவர்களுக்கு வகை குறிக்காத விடுவிப்பு கிடைக்கும். உடல்நிலை உட்படப் பல காரணங்களால் அது நேரலாம், அதில் களங்கம் இல்லை.

நன்மதிப்பு அல்லாத விடுவிப்பு என்றால் விளக்கம் தர வேண்டும். விளக்கம் குறுகியதாக, வரிசையாக இருக்கட்டும்: என்ன நடந்தது, எப்போது, தன் பங்கு என்ன, அதன்பின் என்ன செய்தார். மேலதிகாரியைக் குறை சொல்லும் வாக்கியங்களை நீக்கிவிட வேண்டும். மறைப்பது மட்டும் கூடவே கூடாது. பின்னணிச் சோதனை கல்லூரியோடு நிற்பதில்லை, மருத்துவ உரிமம் பெறும்போதும் தொடரும். கேள்வியின் வாசகத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். தண்டனைத் தீர்ப்பைப் பற்றிக் கேட்டால், மேலதிகாரி நிர்வாக முறையில் கொடுத்த தண்டனை அதில் அடங்குமா என்பதைப் படைச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுவதே பாதுகாப்பு.

நியாயமற்ற விடுவிப்பை மாற்றக் கேட்கவும் வழி இருக்கிறது. விலகி 15 ஆண்டுக்குள் என்றால் 'டிடி-293' படிவத்தில் மறுஆய்வுக் குழுவிடம் முறையிடலாம். அதைத் தாண்டியவர்கள் 'டிடி-149' வழியே ஆவணத் திருத்தக் குழுவை அணுகலாம். தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் அதை வெளிப்படுத்திக்கொண்டு படையில் பணிபுரியத் தடை இருந்தது. 2011 செப்டம்பர் 20-இல் அது முடிவுக்கு வந்தது. அந்தத் தடையால் வெளியேற்றப்பட்டவர்களும் இந்த வழியைப் பயன்படுத்தலாம். முடிவு வர நீண்ட காலம் ஆகும். விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு வெகு முன்பே தொடங்க வேண்டும்.

எழுதத் தேவையில்லாதவை

இரகசியம் என்று குறிக்கப்பட்ட இடம், நடவடிக்கை, கருவி எதுவும் விண்ணப்பத்தில் வரக்கூடாது. 'மத்திய கிழக்கில் ஒரு முகாம்' என்றாலே போதும். சிகிச்சை பெற்ற வீரர்களை அடையாளம் காட்டும் விவரங்களும் கூடாது.

முன்னாள் வீரர் நலத்துறை கொடுத்த ஊனச் சதவீதம், போருக்குப் பிந்தைய மன அழுத்தம் போன்றவற்றை விண்ணப்பத்தில் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை. தன் அனுபவத்தைச் சொல்வது கட்டுரைக்கு வலு சேர்க்கும் என்று ஒருவர் தானாக முடிவெடுத்தால் எழுதலாம். அது முழுக்க அவருடைய உரிமை. நேர்முகத் தேர்வில் யாராவது 'யாரையாவது சுட்டிருக்கிறீர்களா' என்று கேட்டுவிட்டால், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லி, அங்கே கற்றதைப் பற்றிப் பேச்சைத் திருப்பலாம். அந்தப் பதிலை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

இன்னும் பணியில் இருப்பவர்களுக்கு

பணியில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பவர் முதலில் மேலதிகாரியிடம் பேச வேண்டும். மேரிலாந்தின் பெதஸ்டாவில் உள்ள சீருடைச் சேவைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க, தன் படைப் பிரிவின் அனுமதிக் கடிதம் வேண்டும். 1972-இல் சட்டத்தால் உருவான இந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் கிடையாது. மாணவர்கள் அதிகாரி நிலையில் சம்பளம் பெறுவார்கள். பதிலுக்கு ஏழு ஆண்டு பணி செய்ய வேண்டும். இதற்கும் விண்ணப்பம் ஆம்காஸ் வழியேதான். பட்டம் இருந்தும் அறிவியல் பாடங்கள் படிக்காத சிப்பாய்களுக்கு 2014-இல் அதே பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு ஆயத்தப் படிப்பைத் தொடங்கியது. சம்பளத்தோடு முழுநேரமும் படித்து, 'எம்கேட்' என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதி, விண்ணப்பிக்கலாம்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று படையிலிருந்து வருவது சிறப்பு. உயர்ந்த பதவியில் இருப்பவரைவிட, கூடவே இருந்து வேலையைப் பார்த்தவரின் கடிதமே பயன் தரும். ஒன்றாக வேலை செய்த படை மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது. படையின் மதிப்பீட்டு அறிக்கைகளில் வரும் புகழ்மொழி ஊர் மக்களுக்கு வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும். எனவே ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்ளலாம்.

பிற நாட்டுப் படைகள்

சிங்கப்பூரில் ஆண்களுக்கு இரண்டு ஆண்டு தேசிய சேவை கட்டாயம். அதை முடித்துவிட்டு அமெரிக்காவில் இளங்கலை படித்து, மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் தமிழ் இளைஞர் அந்த ஆண்டுகளை வேலைகள் பகுதியில் தாராளமாக எழுதலாம். சுயவிவரக் கேள்வி அமெரிக்கப் படையை மட்டும் குறிக்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கட்டாய சேவை என்பதையும் சொல்லிவிட்டு, அதற்குள் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு எது என்று காட்டினால் பதிவு எடுபடும்.

பணம்

2009 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள '9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில்' மொத்தம் 36 மாதக் கல்விச் செலவை ஏற்கிறது. 36 மாதம் முழுநேரப் பணி செய்தவருக்கு முழு அளவு. இளங்கலையிலேயே இதைக் கரைத்துவிட்டால் செலவு கூடிய மருத்துவப் படிப்புக்கு எதுவும் மிஞ்சாது. மலிவான கம்யூனிட்டி காலேஜ் பாடங்களுக்கு வேறு உதவியைப் பயன்படுத்தி, இந்த மாதங்களைச் சேமித்து வைப்பது பலருக்கு இலாபம். டெக்சாஸில் ஹேசல்வுட் சட்டப்படி தகுதியுள்ள முன்னாள் வீரர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் வரை கல்விக் கட்டண விலக்கு உண்டு. விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துத் திருத்தித் தரும் 'சர்வீஸ் டு ஸ்கூல்' போன்ற இலவச அமைப்புகளும் இருக்கின்றன.

அனுப்பும் முன் சரிபார்க்க

- சுயவிவரத்தில் போட்ட தேதிகளும் டிடி-214 தேதிகளும் ஒன்றாக இருக்கின்றனவா?
- படையின் சுருக்கெழுத்துகள் எல்லாம் விரிக்கப்பட்டுவிட்டனவா?
- மணிகள் இரண்டு இடத்தில் எண்ணப்படவில்லை அல்லவா?
- தொடர்புக்குக் கொடுத்தவரின் மின்னஞ்சல் இன்றும் இயங்குகிறதா?
- விமானப்படைக் கல்லூரியின் சான்றிதழ் கேட்கப்பட்டுவிட்டதா?
- வார இறுதிப் பயிற்சி நாள்களும் நேர்முகத் தேர்வு வரக்கூடிய மாதங்களும் மோதினால் பிரிவுக்கு எப்போது தெரிவிப்பது என்று முடிவாயிற்றா?
- படையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் முழு விண்ணப்பத்தையும் படித்து, புரியாத வரிகளைக் கோடிட்டுத் தந்தாரா? அந்த வரிகளை மாற்றி எழுதிய பிறகு அனுப்பும் பொத்தானை அழுத்தலாம்.